புஷ்பாவின் ஆலையும் நூற்று எண்பத்தெட்டு ஏக்கர் மரமும்

புஷ்பா 1971 மார்ச் 14ஆம் தேதி, பத்தாங் பெர்ஜுந்தைக்கு வடக்கே மூங்கில் தோட்டத்தின் மூன்றாவது தொழிலாளர் லயத்தில் பிறந்தாள். எனக்கு முன்பு தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணி தோட்டப் பதிவில் ஒரு நாள் தள்ளி எழுதிவிட்டார். அவளுடைய அடையாள அட்டையில் இன்றும் 15 என்றே இருக்கிறது. அப்பா நாராயணசாமி அவளுக்கு ஒன்பது வயதாகும்போது இறந்தார். அம்மா சின்னத்தாய் அதே தோட்டத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்.

புஷ்பா மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டாள். பதினேழு வயதில் சுங்கை பூலோவில் ஒரு நாற்காலித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். வந்து இறங்கும் பலகைகளைப் பார்த்து, நல்லது, இரண்டாந்தரம், திருப்பு என்று மூன்றாகப் பிரிப்பது அவள் வேலை. இருபத்து மூன்று ஆண்டுகள் அதையே செய்தாள். ஒரு பலகையைத் தூக்கிய கையிலேயே அது நன்றாகக் காய்ந்ததா இல்லையா என்று சொல்வாள்.

ரப்பர் மரத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தேக்கு போல இல்லை. உள்ளே சர்க்கரையும் மாவும் நிறைந்த மரம். விழுந்த மறுநாளிலிருந்தே பூஞ்சை ஏறத் தொடங்கும். இரண்டு மூன்று நாள் கிடந்தால் வெள்ளை மரத்தில் மை கொட்டியதுபோல நீலம் பாயும். அதற்குப் பிறகு எதைப் பூசினாலும் போகாது. நீலம் பாய்ந்த பலகையில் நாற்காலி செய்தால் யாரும் வாங்க மாட்டார்கள். அடுப்புக்குத்தான் ஆகும்.

பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து கோலா சிலாங்கூர் போகும் சாலையில் தவுக்கே என்று நாங்கள் சொல்லும் ஒரு சீன முதலாளியின் மரம் அறுக்கும் ஆலை இருந்தது. அது அனுப்பிய பலகையில் நூற்றுக்கு நாற்பத்தொன்று நீலமாக இருந்தது. அவற்றைத் திருப்பி அனுப்பியது புஷ்பாதான். 2010 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. பத்தொன்பது பேர் வேலை இழந்தார்கள். அவர்களில் நால்வர் மூங்கில் தோட்டத்து ஆட்கள். அந்த ஆண்டு மாவட்டத்தில் மூடிய மூன்றாவது ஆலை அது.

“நான் திருப்பித் திருப்பி அனுப்பித்தான் மூடுனாங்க. பலகை மேல தப்பில்ல, பலகையச் செஞ்ச விதத்துலதான் தப்பு” என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். 2011 பிப்ரவரியில் வேலையை விட்டுவிட்டு அந்த ஆலையைக் குத்தகைக்கு எடுத்தாள்.

எடுத்த வாரமே புக்கிட் செந்தோசாவில் இருந்த என் வீட்டுக்கு வந்தாள்.

“கிராணியாரே, சும்மாதான இருக்கீங்க?”

“சும்மா இல்லம்மா. மழை அளக்கிறேன்.”

“அளந்து?”

“எழுதி வைக்கிறேன்.”

அவள் சிரித்தாள். “மழை எழுதாட்டியும் பெய்யும்லா. எனக்கு மரம் எழுத ஆள் வேணும். ஒவ்வொரு மரமும் எத்தனை மணிக்கு விழுந்துச்சுன்னு.”

“அதுக்குக் கிராணி எதுக்கு? மணி பாக்கத் தெரிஞ்ச யாரும் எழுதலாமே.”

“எல்லார்ட்டயும் கேட்டுட்டேன். ‘காலையில’ங்கிறான். எந்தக் காலைன்னு கேட்டா முழிக்கிறான்.”

அப்படித்தான் அந்த ஆலைக்குப் போனேன். அவள் வைத்த விதி ஒன்றே ஒன்றுதான். காலையில் விழுந்த மரம் மாலைக்குள் பலகையாக வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்கு முன் பூஞ்சை தடுக்கும் மருந்துத் தொட்டிக்குள் போக வேண்டும். மரத்தின் வெட்டு முகத்தில் விழுந்த நேரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினோம். லோரி ஓட்டுபவர், அறுப்பவர், அடுக்குபவர் எல்லோரும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். முன்பெல்லாம் ஆலை வாசலில் மேலே கிடக்கும் மரத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். அடியில் கிடப்பது நான்கு நாள் கிடக்கும்.

அடுத்த தொல்லை இரும்பு. பால் வடிவதற்காக மரத்தில் ஒரு தகரத் துண்டை அடிப்பார்கள். பால் விழும் மங்குக் கிண்ணத்தைத் தாங்க ஒரு கம்பி கட்டுவார்கள். வருடக் கணக்கில் பட்டை வளர்ந்து இரண்டையும் மூடிவிடும். வெளியே தெரியாது. ரம்பத்தின் பல் அதில் பட்டால் அந்த ரம்பம் அன்றைக்கு முடிந்தது. பழைய தவுக்கே இதற்காக, இரும்பைக் கண்டால் கத்தும் ஒரு கருவி வாங்கிப் பார்த்தார். மழைக்காலத்தில் அது எல்லா மரத்துக்கும் கத்தியது.

புஷ்பா தன் அம்மாவையும் பால்மரம் வெட்டிப் பழகிய இன்னும் ஐந்து பெண்களையும் வேலைக்கு வைத்தாள். எந்த ஆண்டு எந்தப் பக்கம் வெட்டியிருப்பார்கள், தகரம் எந்த உயரத்தில் போயிருக்கும் என்று மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே அவர்களுக்குத் தெரியும். மரம் விழுவதற்கு முன்பே உளியால் தோண்டிக் குறடால் பிடுங்கினார்கள். எடுத்து முடித்த மரத்துக்கு ஒரு கோடு சிவப்புச் சாயம்.

“பதினஞ்சு வருசம் பால் குடுத்த மாட்டுக்குக் கடைசியில பல்லப் பிடுங்குறோம்” என்பார் சின்னத்தாய்.

“ஒனக்கே பல்லு நாலுதான் இருக்கு, நீ மாட்டப் பேசுறியா?” என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள்.

2012 டிசம்பரில் நீலப் பலகை நூற்றுக்கு மூன்றாகக் குறைந்தது. சுங்கை பூலோ தொழிற்சாலை, அவள் வேலை செய்த அதே தொழிற்சாலை, மறுபடி எங்களிடம் வாங்கியது. வேலையாட்கள் இருபத்தாறு பேர் ஆனார்கள். மூடிக் கிடந்த மற்ற இரண்டு ஆலைக்காரர்களும் வந்து பார்த்தார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை. என்னுடைய நேர அட்டையின் பிரதியையும் கொடுத்தாள். 2014இல் ஒன்று, 2016இல் ஒன்று என்று இரண்டும் திறந்தன. மாவட்டத்து ஆலைக்காரர்கள் சேர்ந்து வைத்த சங்கத்துக்கு அவளைத் தலைவியாக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் பதினொரு ஆண்கள், அவள் ஒருத்தி.

ஆனால் மரம் குறைந்துகொண்டே வந்தது. 2011இல் ஆலையிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ரப்பர் இருந்த தோட்டங்கள் பதினான்கு. 2019இல் ஐந்து. மற்றவை எண்ணெய் தரும் செம்பனையாகவோ வீடுகளாகவோ மாறிவிட்டன. 2022இல் மற்ற இரண்டு ஆலைகளும் மரம் கிடைக்காமல் நின்றன. 2023இல் மிஞ்சியது ஒரே இடம், மூங்கில் தோட்டத்தின் நூற்று எண்பத்தெட்டு ஏக்கர். அதுவும் வீடமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்றாகிவிட்டது. தூரத்திலிருந்து மரம் கொண்டுவந்து பார்த்தோம். தெமர்லோவிலிருந்து வந்த மூன்று லோரியில் இரண்டு லோரி மரத்தில் இறங்கும்போதே நீலம் இருந்தது.

நூற்று எண்பத்தெட்டு ஏக்கரில் என் மதிப்பில் 3,300 டன் மரம். நாளொன்றுக்கு முப்பது டன் அறுத்தால் ஐந்து மாதம் ஓடும். அந்த ஐந்து மாதத்தில் ஆலையை வேறு வேலைக்குத் திருப்பிவிடலாம் என்பது புஷ்பாவின் எண்ணம். துண்டுப் பலகைகளை ஒட்டிப் பெரிய பலகையாக்கும் இயந்திரம் ஒன்றை மூவாரில் பேசி வைத்திருந்தாள். மார்ச்சில் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவரை சுங்கை பூலோவுக்கு ஒரு வாரமும் தவறாமல் பலகை போக வேண்டும். தவறினால் அவர்கள் ஜொகூருக்குப் போய்விடுவார்கள். போனால் திரும்ப மாட்டார்கள். இருபத்தாறு பேருடைய வேலையும் அதில்தான் இருந்தது.

நிலத்தை வாங்கிய நிறுவனத்திடம் அவள் மரத்தை விலைபேசி முடித்தாள்; 2023 ஆகஸ்ட் 18இல் அவர்களுடைய கடிதம் வந்தது. மேற்கண்ட நிலத்தில் உள்ள ரப்பர் மரங்கள் அனைத்தும் புஷ்பாவுக்கு உரியவை, ஆறு மாதத்துக்குள் அகற்றிக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. நான் மூன்று முறை படித்தேன். நிலத்தின் எண் சரி. ஏக்கர் சரி. தேதிகள் சரி. ஒன்றை மட்டும் நான் தேடவில்லை, அவளும் தேடவில்லை. அந்த ஆறு மாதமும் மரங்கள் நின்றுகொண்டிருக்கும் என்று அதில் எங்கும் எழுதவில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் யாரும் அதைத் தேடியிருக்க மாட்டார்கள். எங்கள் அனுபவத்தில் மரத்தை வாங்கியவன்தான் மரத்தைச் சாய்ப்பான். மற்றவன் கை வைக்க மாட்டான்.

செப்டம்பர் 4இல் பெண்கள் இரும்பு எடுக்கத் தொடங்கினார்கள். எப்போதும்போல லயத்துப் பக்கத்து முதல் நிரையிலிருந்து தொடங்கினார்கள். 11ஆம் தேதி முதல் மரம் சாய்ந்தது. நான்கு வாரத்தில் நாற்பத்தொரு ஏக்கர் முடிந்தது. 698 டன். நீலம் நூற்றுக்கு இரண்டு.

அக்டோபர் 9, திங்கள் காலை எட்டு இருபதுக்கு நெடுஞ்சாலைப் பக்கமிருந்து ஆறு எஸ்கவேட்டர்கள் உள்ளே வந்தன. எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் ஒரு மரத்திலும் இரும்பு எடுக்கவில்லை. இயந்திரங்கள் மரத்தை வெட்டவில்லை. தள்ளின. வேரோடு சாய்ந்தது ஒவ்வொன்றும். மாலைக்குள் ஒன்பது ஏக்கர் கிடந்தது.

புஷ்பா அன்றே கோலா சிலாங்கூரில் இருந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனாள். நானும் கடிதத்தோடு போனேன். திட்ட அதிகாரி ஜீவன், கிள்ளான் பையன், முப்பது வயது இருக்கும். எழுந்து நின்று வணக்கம் சொன்னான். குடிக்க மைலோ வரவழைத்துக் கொடுத்தான்.

“அக்கா, மரம் ஒங்களோடதுதான். யாரும் தொடல. ஆறு மாசம் டைம் இருக்கு, நிதானமா எடுத்துக்குங்க.”

“தம்பி, விழுந்த மரம் மூணு நாள் தாங்காது. ஆறு மாசத்துல அது மரமே இல்ல.”

“அது எனக்கு இப்பதான் தெரியும்க்கா. சத்தியமா தெரியாது.”

“தெரிஞ்சிடுச்சுல்ல? நிறுத்தச் சொல்லுங்க. வாரத்துக்குப் பத்து ஏக்கர் தள்ளட்டும். நான் பின்னாலயே எடுத்துக்கிட்டுப் போறேன்.”

“மெஷின் மூணு வாரத்துக்குத்தான் கெடைச்சிருக்கு. அப்புறம் ரவாங் சைட்டுக்குப் போயிடும். வீட்டு விற்பனை தேதிய முன்னால தள்ளிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்லக்கா.”

“யாரு கையில இருக்கு?”

அவன் மேலே விரலைக் காட்டினான். கடவுளைக் காட்டுகிறானா, மேல்மாடியைக் காட்டுகிறானா என்று புரியவில்லை. மேல்மாடிக்கும் போனோம். அங்கிருந்தவர் கோலாலம்பூருக்குப் போன் செய்தார். கோலாலம்பூரில் இருந்தவர் கூட்டத்தில் இருந்தார். புதன்கிழமை பதில் வந்தது. கடிதத்தில் சொன்னபடி மரத்தின் உரிமை பிப்ரவரி 18 வரை உங்களுடையதே என்று இரண்டு வரி.

அதைப் படித்ததும் புஷ்பா பழைய கடிதத்தை எடுத்துக் காட்டிக் கேட்டாள். “கிராணியாரே, இந்தக் கடிதத்துல தப்பு இருக்கா?”

“தப்பு இல்லம்மா. போதல.”

அவள் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

அன்றிலிருந்து ஆலை இரண்டு வேளை ஓடியது. அதிகபட்சம் ஒரு நாளில் நாற்பத்தாறு டன் அறுத்தோம். அது இரண்டரை ஏக்கர் மரம். இயந்திரங்கள் தள்ளியது நாளுக்கு எட்டரை ஏக்கர். தள்ளிய மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்ததால் பெண்களால் சுற்றி நடக்க முடியவில்லை. வெட்டுப் பக்கம் எது என்று தெரியாமல் சேற்றில் புதைந்து கிடந்தது. முதல் வாரத்தில் ஐந்து ரம்பம் உடைந்தது. முந்தைய ஓராண்டு முழுவதும் உடைந்தது நான்கு.

சின்னத்தாய்க்கு அப்போது எழுபத்திரண்டு வயது. விழுந்து கிடந்த மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து கையால் பட்டையைத் தடவித் தகரம் தேடினார்.

“எறங்கும்மா, விழுந்து தொலைக்காத” என்று புஷ்பா கத்தினாள்.

“இத்தன நாளு மரம் இல்ல மரம் இல்லன்னு அழுத. இப்ப நெறைய கெடக்கு, அதுக்கும் அழுவுற. ஒனக்கு எதுதான்டி வேணும்?”

புஷ்பா குறடை எடுத்துக்கொண்டு தானும் ஏறினாள்.

மரத்தைத் தண்ணீருக்குள் போட்டால் நீலம் பாயாது. காற்று படாததுதான் காரணம். எங்கள் பகுதியில் பழைய ஈயச் சுரங்கக் குளங்கள் நிறைய உண்டு. ஆலையிலிருந்து மூன்று கிலோமீட்டரில் ஒன்று ஆழமாக, சும்மா கிடந்தது. இயந்திரங்கள் வந்த பதினோராவது நாள் புஷ்பா அதைக் கேட்டு நீர் மேலாண்மை அலுவலகத்துக்குப் போனாள். அந்தக் குளத்துத் தண்ணீர் கடைசியில் குடிநீருக்குப் போகிறது, மரத்தைப் போட அனுமதி வேண்டும், பரிசோதனைக்கு ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அங்கிருந்த அதிகாரி அம்மா வருத்தப்பட்டுத்தான் சொன்னார். விண்ணப்பப் பாரத்தையும் கொடுத்தார். எட்டுப் பக்கம்.

வரும் வழியில் காரில் புஷ்பா சொன்னாள். “குடிக்கிற தண்ணிய கெடுத்துட்டு நாற்காலி செஞ்சா நாளைக்கு என்னைத்தான் திட்டுவாங்க. அவங்க சொல்றது சரிதான்லா.” கொஞ்ச தூரம் போன பிறகு, “எல்லாரும் சரியாத்தான் சொல்றாங்க” என்றாள்.

பிறகு லோரிக்காரர் நஜீப்பைப் பிடித்தாள். மரத்தை ஈப்போப் பக்கத்து ஆலைகளுக்காவது அனுப்பிவிட்டால் அங்கே பலகையாகட்டும் என்பது யோசனை. நஜீப் தன்னிடமிருந்த இரண்டு லோரியையும் விட்டார். தீபாவளி நெருங்கிய நேரம், வேறு லோரி கிடைக்கவில்லை. “அக்கா, என் மாமன் மச்சான் லோரி எல்லாத்தையும் கேட்டுட்டேன். ஒருத்தன் மாட்டுக்கு வைக்கோல் ஏத்துறான், இன்னொருத்தன் எஞ்சின பிரிச்சுப் போட்டிருக்கான்” என்றார். ஆறு நடை போனது. எழுபத்தெட்டு டன். ஈப்போவில் இறங்கும்போது அதில் பாதி நீலம் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து தோட்டத்துக்குள் புளித்த வாசனை அடித்தது. ஐந்து நாள் கிடந்த ஒரு மரத்தைப் புஷ்பா தானே அறுத்துப் பார்த்தாள். கரையிலிருந்து நடுவரைக்கும் நீலம். பலகையைத் திருப்பினாள். மறுபக்கமும் நீலம். சுங்கை பூலோவில் அவள் எத்தனையோ ஆயிரம் முறை செய்ததுபோலத் திருப்பு என்ற பக்கத்தில் வைத்தாள். பிறகு அதே மாதிரி பத்து மரத்தை அறுக்கச் சொன்னாள். பத்தும் அதே பக்கத்துக்குப் போயின.

“போதும், பழசத் தொடாதீங்க. இன்னிக்கு விழுந்தத மட்டும் எடுங்க” என்றாள். அந்த ஒரு வார்த்தையில் சுமார் ஆயிரம் டன்னை விட்டுவிட்டோம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அக்டோபர் 27, வெள்ளிக்கிழமை. லயத்துப் பக்கம், வீடுகளை ஒட்டியவை என்று கடைசியில் சாய்க்க நாங்கள் விட்டுவைத்த நான்கு நிரை மட்டும் நின்றன. அந்த நிரைகளில் செப்டம்பரிலேயே இரும்பு எடுத்துச் சிவப்புக் கோடு போட்டாகிவிட்டது. ஐந்து இயந்திரங்கள் போய்விட்டன. ஆறாவது மட்டும் மிச்சம். அதை ஓட்டியவர் கிளந்தான்காரர், ஐம்பது வயது இருக்கும். பதினேழு நாளும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். புஷ்பா இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள். மலாயில், அண்ணன் என்ற பொருளில் அபாங் என்று அழைத்துப் பேசினாள்.

“அபாங், இந்த நாலு நிரைய மட்டும் விடுங்க. திங்கள்கிழமை வரைக்கும். நாங்களே சாய்ச்சிடுறோம்.”

அவர் கீழே இறங்கி வந்தார். தொப்பியைக் கழற்றினார். “அக்கா, இன்று மாலை இந்த இயந்திரத்தை லோரியில் ஏற்ற வேண்டும். நிலம் வெறுமையாக இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினால்தான் எனக்குச் சம்பளம். நான் என்ன செய்ய?”

அவள் நகரவில்லை.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு மணி ஐந்து நிமிடம். “இன்று ஜும்ஆ. நான் தொழப் போக வேண்டும். பக்கத்தில் கிராமத்துச் சூராவ், சிறிய பள்ளிவாசல், இருக்கிறது. ஆனால் நான் கோலா சிலாங்கூர் பெரிய பள்ளிவாசலுக்குப் போகிறேன். சாப்பிட்டுவிட்டு வர மூன்று மணி ஆகும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “மூன்றேகால்” என்றார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் வளைவில் மறைவதற்குள் சங்கிலி ரம்பம் ஓடத் தொடங்கியது. ஆலையை நிறுத்தி எல்லோரையும் வரச் சொன்னாள். அறுப்பவர்கள், அடுக்குபவர்கள், சமையல் செய்யும் ஷர்மினிகூட வந்தாள். ஆட்கள் சாய்க்க, பெண்கள் கிளை கழிக்க, நான் நேரம் எழுதினேன். நஜீப்பின் லோரி இரண்டும் ஓடின. முதல் மரம் 12.14. கடைசி மரம் 3.12. மொத்தம் ஐம்பத்தெட்டு மரம். நான்கு நிரையில் நின்றது இருநூற்று ஆறு.

மூன்று இருபத்தைந்துக்குக் கிளந்தான்காரர் வந்தார். சொன்னதைவிடப் பத்து நிமிடம் தாமதம். இயந்திரத்தில் ஏறுவதற்கு முன் எங்கள் ஆட்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று கேட்டார். வந்துவிட்டார்கள் என்று புஷ்பாதான் சொன்னாள். சின்னத்தாயைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனாள். மிச்ச மரங்களும் நொறுங்கிப் பழைய குவியல்களுக்கு அடியில் போயின; நாலே முக்காலுக்குள் நிலம் வெறுமையானது. அவர் படம் எடுத்துக்கொண்டார்.

பதினேழு நாளில் அறுத்தது 638 டன். கிடந்து கெட்டது, என் மதிப்பில், 1,900 டன்னுக்குக் குறையாது. பிப்ரவரி 18 வரை அது சட்டப்படி புஷ்பாவுக்கு உரியதாகவே கிடந்தது.

அந்த ஐம்பத்தெட்டு மரத்தையும் அன்று மாலையே அறுத்தோம். அவசரப்பட்டும் ஒரு ரம்பமும் உடையவில்லை. பலகை ஒவ்வொன்றையும் புஷ்பா கையில் எடுத்துப் பார்த்தாள். எல்லாம் வெள்ளை. எல்லாம் முதல் தரம். சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மருந்துத் தொட்டிக்குள் வைத்து மூடினோம். ஏழு மணிக்கு அறுப்பவர்கள் வழக்கம்போல வந்து ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். அவள் வாசல் வரை போய் மர லோரி வரும் சாலையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“உக்காருங்க. ஷர்மினி எல்லாருக்கும் தேத்தண்ணி போடுறா” என்றாள்.